ஒரு மணி நேர ஊறுகாய்: மலிந்த மரக்கறியை வீணாக்காமல் காக்கும் ஆசிய வழி

மாரி மழை ஓய்ந்து தை, மாசி மாதங்கள் வரும்போது யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சந்தைகளில் ஆண்டுதோறும் ஒரே காட்சியைக் காணலாம். கரட், பீற்றூட், கோவா, முள்ளங்கி எல்லாம் ஒரே காலத்தில் குவிகின்றன. திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகளில் காலையில் ஒரு விலை, மதியத்தில் பாதி விலை. விற்காததை ஏற்றிக்கொண்டு திரும்பினால் வண்டிக் கூலியும் கையைக் கடிக்கும் என்பதால் சந்தை ஓரத்திலேயே கொட்டிவிட்டுப் போகும் விவசாயிகளும் இருக்கிறார்கள். அதே மரக்கறி இரண்டு மூன்று மாதங்களின் பின் ஏழைக் குடும்பம் ஒன்று கால் கிலோ வாங்க யோசிக்கும் விலைக்கு ஏறிவிடுகிறது.

கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஒரு சமூகத்துக்கு உணவை வீணாக்கக் கூடாது என்று எவரும் புத்தி சொல்லத் தேவையில்லை. எப்படி வீணாக்காமல் வைத்திருப்பது என்பதுதான் கேள்வி. எமது மக்களிடம் அதற்குப் பழைய விடைகள் இருக்கின்றன. மோர்மிளகாய், கத்தரி வற்றல், பாவற்காய் வற்றல், எலுமிச்சை ஊறுகாய், கருவாடு எல்லாம் வெயிலையும் உப்பையும் நம்பியவை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையும் மின்சாரமற்ற இரவுகளும் நீடித்த காலத்தில் வடக்கின் அடுப்படிகளைத் தாங்கி நின்றவை இவைதான். ஆனால் கரட்டையும் முள்ளங்கியையும் கோவாவையும் காயவைத்தால் அவற்றின் சுவையும் மொறுமொறுப்பும் போய்விடும். இவற்றுக்கு ஏற்றது வேறொரு வழி. வியட்நாம், ஜப்பான், மலாயா, பிலிப்பைன்ஸ் நாடுகளின் வீடுகளில் அன்றாடம் செய்யப்படும் உடனடி ஊறுகாய்தான் அது. அதற்கு வெயிலும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு மணி நேரம் போதும்.

ஒரே சொல், பல நாடுகள்

இது எமக்கு முற்றிலும் அந்நியமான உணவு அல்ல. இலங்கையில் நாம் ‘அச்சாறு’ என்கிறோம். மலாய் மக்களும் இந்தோனேசியர்களும் ‘அச்சார்’ என்கிறார்கள். பிலிப்பைன்ஸில் பப்பாசிக்காயைத் துருவிச் செய்வது ‘அச்சாரா’. ஜப்பானில்கூட ‘அச்சாரசுகே’ என்றொரு புளிப்பு ஊறுகாய் இருக்கிறது. பாரசீகத்தில் பிறந்ததாகக் கருதப்படும் இந்தச் சொல் வணிகர்களோடும், பின்னர் போர்த்துக்கேயரோடும் கடல் வழியே பயணித்தது. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களே இன்றைய இலங்கை மலாயர். அவர்களது அடுப்படியிலிருந்து வந்த மலே அச்சாறு இன்று கொழும்பில் மஞ்சள் சோற்றோடும் புரியாணியோடும் பரிமாறப்படுகிறது.

வியட்நாமில் கரட்டையும் வெள்ளை முள்ளங்கியையும் நீளக் கீலங்களாக வெட்டி, வினாகிரி, சீனி, உப்பு சேர்த்து ஊறவைக்கிறார்கள். பெயர் ‘டோ சுவா’. புளிப்பான பொருள் என்பதே அதன் அர்த்தம். பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற பாணைப் பிளந்து, இறைச்சியோடு இதையும் வைத்து உண்பது அங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கும் உணவு. ஜப்பானியரின் ‘அசாசுகே’ இன்னும் எளியது. மேலோட்டமாக ஊறவைத்தது என்று பொருள். கெக்கரிக்காய், கோவா போன்றவற்றை உப்பிட்டுப் பிசைந்து, பாரம் வைத்து, அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உண்டுவிடுகிறார்கள்.

உள்ளே நடப்பது என்ன?

மரக்கறியில் பெரும்பகுதி நீர். உப்பிட்டதும் பிரசாரணத்தால் அந்த நீர் கலங்களிலிருந்து வெளியேறுகிறது. காய் தளர்கிறது, ஆனால் வெந்துவிடவில்லை என்பதால் கடிக்கும்போது மொறுமொறுப்பு இருக்கிறது. நீர் வெளியேறிய இடத்துக்கு வினாகிரியின் அமிலமும் சீனியும் உப்பும் மெல்லச் செல்கின்றன. மெல்லிய கீலமானால் ஒரு மணி நேரத்தில் சுவை ஏறிவிடும். தடித்த துண்டானால் ஒரு நாள் வேண்டும். இந்த ஊறுகாயில் வெட்டும் அளவு முக்கியம் என்பது இதனால்தான்.

நொதிக்கவைத்துச் செய்யும் ஊறுகாய் வேறு. கொரியாவின் கிம்ச்சி போன்றவற்றில் மரக்கறியிலேயே இருக்கும் நல்ல பற்றீரியாக்கள் சில நாட்கள், சில வாரங்கள் வேலை செய்து லக்ரிக் அமிலத்தை உருவாக்குகின்றன. உடனடி ஊறுகாயில் அந்த வேலைக்கு நேரமில்லை. புளிப்பை நாமே வினாகிரியாக வெளியிலிருந்து ஊற்றுகிறோம். எனவே அதன் பாதுகாப்பும் நாம் ஊற்றும் வினாகிரியின் அளவில்தான் தங்கியிருக்கிறது.

பீ.எச் பெறுமானம் 4.6 இற்கு மேற்பட்ட, காற்றுப் புகாத உணவில் குளொஸ்றிடியம் பொட்டுலினம் என்னும் பற்றீரியா வளர்ந்து உயிர்கொல்லி நஞ்சை உருவாக்கக்கூடும். அதற்குக் கீழே அது வளராது. கரட், முள்ளங்கி, போஞ்சி, உள்ளி எல்லாம் இயல்பில் அமிலம் குறைந்தவை. போத்தலில் அடைத்து மூடிவிட்டால் மட்டும் அவை பாதுகாப்பாகிவிடுவதில்லை.

ஜப்பான் கற்ற பாடம்

2012 ஓகஸ்ட் மாதம் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் கோவா வகையொன்றால் செய்யப்பட்ட அசாசுகேயை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈ.கோலி ஓ157 தொற்றுக்கு உள்ளாகினர். எட்டுப் பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் முதியவர்கள். ஊறுகாய்க்குப் பெயர்போன நாட்டில், சிறு தொழிற்சாலையொன்றில் தயாரான ஊறுகாயால் நேர்ந்தது இது.

குறைந்த உப்பில் குறுகிய நேரம் ஊறிய மரக்கறியில் கிருமிகள் சாவதில்லை என்பதே காரணம். வினாகிரியும் இல்லை, நொதித்தலும் இல்லை என்றால் அது பச்சை மரக்கறிச் சலாதுக்குச் சமம். அதன் பின்னர் ஜப்பானிய சுகாதார அமைச்சு விதிகளை இறுக்கியது. அசாசுகே தயாரிப்பவர்கள் மரக்கறியைக் குளோரின் கரைசலில் கிருமி நீக்க வேண்டும் அல்லது 75 பாகை செல்சியஸில் ஒரு நிமிடம் சூடாக்க வேண்டும் என வழிகாட்டியது.

எமக்கும் இது பொருந்தும். மாட்டெரு இட்ட தோட்டத்து மரக்கறியும், பாதுகாப்பற்ற கிணற்று நீரும் எமது ஊர்களில் வழமை. ஆகவே வீட்டுக்கு மூன்று விதிகள். ஓடும் நீரில் மண் போகக் கழுவுதல். வெளித்தோலையும் வெளி இலையையும் நீக்குதல். கொதித்தாறிய நீரையே கலவைக்குப் பயன்படுத்துதல். உப்பு மட்டும் இட்ட ஊறுகாயைச் சிறு பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காமல், வினாகிரி சேர்த்ததையே கொடுப்பது நல்லது. அவர்களுக்கான மரக்கறியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டு எடுத்த பின் ஊறவைத்தால் இன்னும் நல்லது.

எந்த வினாகிரி?

கடைகளில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று தென்னங்கள் நொதித்துப் பெறும் தேங்காய் வினாகிரி. மற்றது அசற்றிக் அமிலத்தை நீரில் கலந்த செயற்கை வினாகிரி. இரண்டாவது மலிவு. எதை வாங்கினாலும் போத்தலில் அமிலத்தின் வீதம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 4 அல்லது 5 வீதம் என்றிருந்தால் ஊறுகாய்க்கு ஏற்றது. பெயரும் முகவரியும் இல்லாத போத்தலில் அளந்து விற்கும் வினாகிரியை நம்ப வேண்டாம். அதன் செறிவை நாக்கால் அறிய முடியாது. றப்பர் பால் உறையவைக்கப் பயன்படும் அமிலத்தையோ செறிந்த அசற்றிக் அமிலத்தையோ வாங்கி வீட்டில் நீர் கலப்பது ஆபத்து. கண்ணையும் தொண்டையையும் எரித்துவிடும்.

தேசிக்காய்ப் புளி சுவைக்கு நல்லது. ஆனால் காய்க்குக் காய் புளிப்பு மாறுபடுவதால், சில நாட்கள் வைத்திருக்கப் போகும் ஊறுகாயில் வினாகிரிக்குப் பதிலாக அதை மட்டும் நம்ப வேண்டாம். அன்றே உண்பதானால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கரட் – முள்ளங்கி ஊறுகாய் (வியட்நாம் முறை)

தேவையானவை: கரட் 250 கிராம், வெள்ளை முள்ளங்கி 250 கிராம், பிசைவதற்கு உப்பு ஒரு தேக்கரண்டி, சீனி இரண்டு தேக்கரண்டி. ஊற்றுவதற்கு வினாகிரி 200 மில்லிலீற்றர், கொதித்தாறிய நீர் 200 மில்லிலீற்றர், சீனி நான்கு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி.

கரட்டையும் முள்ளங்கியையும் தோல் சீவி, தீக்குச்சியை விடச் சற்றுத் தடித்த கீலங்களாக வெட்டுங்கள். உப்பும் சீனியும் இட்டு மூன்று நான்கு நிமிடங்கள் கையால் பிசையுங்கள். பாத்திரத்தின் அடியில் நீர் சேரும். கீலம் ஒன்றை எடுத்து வளைத்துப் பாருங்கள். இரு முனைகளும் முறியாமல் தொட்டுக்கொண்டால் பதம் சரி. நீரில் ஒருமுறை அலசி, பிழிந்து, சுத்தமான கண்ணாடிப் போத்தலில் அடையுங்கள்.

வினாகிரி, நீர், சீனி, உப்பைச் சீனி கரையும்வரை கலக்கி, மரக்கறி முழுவதும் மூழ்கும்படி ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் உண்ணலாம். மறுநாள் சுவை இன்னும் கூடும். குளிர்சாதனப்பெட்டியில் மூன்று வாரங்கள்வரை வைத்திருக்கலாம். முதல் முறை மூடியைத் திறக்கும்போது முள்ளங்கியின் கந்தக மணம் எழும். அது பழுதல்ல, சிறிது நேரம் திறந்து வைத்தால் போய்விடும்.

வினாகிரியின் அளவு நீரின் அளவை விட ஒருபோதும் குறையக் கூடாது. புளிப்பு அதிகமாகத் தெரிந்தால் சீனியைக் கூட்டுங்கள். நீரைக் கூட்ட வேண்டாம். வினாகிரி 4 வீதமாக இருந்தால் இரண்டு பங்கு வினாகிரிக்கு ஒரு பங்கு நீர் போதும்.

கெக்கரிக்காய் உப்பூறல் (ஜப்பான் முறை)

இது அன்றே செய்து அன்றே உண்பது. மரக்கறியின் நிறையில் 2 வீதம் உப்பு என்பது கணக்கு. 500 கிராம் கெக்கரிக்காய்க்கு 10 கிராம் உப்பு. ஆனையிறவு உப்பளத்துக் கல்லுப்பைப் போன்ற பருமனான உப்புக்கும் தூளுப்புக்கும் ஒரே கரண்டியில் நிறை வேறுபடும் என்பதால், முடியுமானவரை நிறுத்துப் போடுங்கள்.

கெக்கரிக்காயை மெல்லிய வட்டங்களாக வெட்டி, உப்பு, இஞ்சிக் கீலம், ஒரு பச்சைமிளகாய் சேர்த்துப் பிசைந்து, மேலே தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் பாரம் வையுங்கள். அரை மணி நேரத்தின் பின் நீரைப் பிழிந்துவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ சேருங்கள். மிஞ்சினால் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிட வேண்டும்.

மலே அச்சாறு

சின்ன வெங்காயம் 250 கிராம், கரட் 200 கிராம், கறிமிளகாய் அல்லது பச்சைமிளகாய் 100 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். பப்பாசிக்காயும் சேர்க்கலாம். கடுகு இரண்டு மேசைக்கரண்டியை வினாகிரியில் ஊறவைத்து, இஞ்சி, உள்ளி, மிளகு சேர்த்து அரையுங்கள். வினாகிரி 300 மில்லிலீற்றரை மூன்று மேசைக்கரண்டி சீனி, இரண்டு தேக்கரண்டி உப்பு, சிறிது மஞ்சளோடு கொதிக்கவைத்து, அதில் வெங்காயத்தையும் கரட்டையும் ஒரு நிமிடம் இட்டு எடுங்கள். ஆறிய பின் எல்லாவற்றையும் அரைத்த கடுகோடு சேர்த்துக் கலந்து போத்தலில் அடையுங்கள். வசதியிருந்தால் விதை நீக்கிய பேரீச்சம்பழம் சேர்ப்பது மலே வழக்கம். இதில் நீர் சேர்ப்பதில்லை. அதனால் மற்ற இரண்டையும் விட இது நன்றாகத் தாங்கும். இரண்டு நாட்களின் பின் கடுகின் காரம் இறங்கிச் சுவை சேரும்.

குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீட்டில்

எமது ஊர்களில் எல்லா வீட்டிலும் குளிர்சாதனப்பெட்டி இல்லை. இருக்கும் வீட்டிலும் மின்சாரம் எப்போதும் நிலையாக இருப்பதில்லை. 2022 நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். குளிர்சாதனப்பெட்டி இல்லையென்றால் நீர் சேர்க்காமல் வினாகிரியிலேயே, ஒரு நாளுக்கு வேண்டிய அளவு மட்டும் செய்து அன்றைக்கே முடித்துவிடுங்கள். நீண்ட நாள் வைத்திருக்க வேண்டியவற்றுக்கு எமது வற்றலும் வெயிலில் காய்ந்த உப்பூறுகாயும்தான் இன்றும் சரியான வழி. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

மின்வெட்டு நேரத்தில் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேல் சென்றால் உப்பு மட்டும் இட்டதை வீசிவிடுங்கள். வினாகிரி ஊறுகாய் அமிலத்தால் ஓரளவு தாங்கும். எனினும் நாட்களைக் குறைத்து விரைவில் உண்பது நல்லது.

கலங்கிய நீர், வழுவழுப்பு, நுரை, பூஞ்சணம், கெட்ட மணம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மேலே வழித்துவிட்டு உண்ண வேண்டாம், முழுவதையும் வீசுங்கள். உள்ளி நீலப்பச்சையாக மாறுவது மட்டும் அமிலத்தால் நிகழ்வது, அது தீங்கில்லை. அலுமினியப் பாத்திரத்திலும் செப்புப் பாத்திரத்திலும் ஊறவைக்கக் கூடாது. அமிலம் உலோகத்தைக் கரைக்கும். கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் ஏற்றவை. எமது வழக்கப்படி மேலே எண்ணெய் ஊற்றி மூடவும் வேண்டாம். அமிலம் போதாத மரக்கறியைக் காற்றிலிருந்து மறைத்தால், மேலே சொன்ன நஞ்சுக் கிருமிக்கு நாமே இடம் கொடுத்ததாகும்.

எதோடு உண்பது?

சோறும் பருப்பும் மட்டுமே இருக்கும் நாளில் ஒரு கரண்டி கரட் ஊறுகாய் அந்தத் தட்டின் சுவையையே மாற்றும். பொரித்த மீன், கருவாட்டுப் பொரியல், ரொட்டி, அவித்த கடலை எல்லாவற்றோடும் சேரும். பாணைப் பிளந்து முட்டைப் பொரியலோ ரின் மீனோ வைத்து, மேலே இதைப் பிழிந்து போட்டால் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைக்கு நல்ல காலை உணவு. கறி எதுவும் சேர்க்காததால் பெட்டியில் விரைவில் புளித்துப்போகாது. ஆனால் நீரை நன்றாகப் பிழிந்துவிட வேண்டும். இல்லையேல் பாண் ஊறிவிடும்.

போத்தலில் மிஞ்சும் புளிநீரில் மீண்டும் புதிய மரக்கறியைப் போட்டு நாட்கணக்கில் வைக்க வேண்டாம். முதல் தடவையிலேயே அமிலத்தின் ஒரு பகுதி மரக்கறிக்குள் போய்விட்டது. அந்த நீரை வெங்காயச் சம்பலுக்கோ சலாதுக்கோ சேர்த்து முடிக்கலாம்.

இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் அளவோடு உண்ண வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. வினாகிரி முறையில் பாதுகாப்பைத் தருவது அமிலம் என்பதால் உப்பைக் குறைத்தாலும் பழுதாகாது. நீரிழிவு உள்ளவர்கள் சீனியையும் அவ்வாறே குறைக்கலாம். குறைக்கக் கூடாதது வினாகிரி மட்டுமே.

விற்க நினைக்கும் பெண்களுக்கு

போருக்குப் பின் வடக்கு, கிழக்கில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வாழ்வாதாரம் என்று வந்தபோதெல்லாம் மிளகாய்த்தூள், அரிசிமா, ஊறுகாய் என்பவையே முன்வைக்கப்பட்டன. இயந்திரம் கொடுத்தார்கள், பயிற்சிச் சான்றிதழ் கொடுத்தார்கள். சந்தையும் தரக்கட்டுப்பாடும் பெரும்பாலும் அந்தப் பெண்களின் தலையிலேயே விடப்பட்டன. ஆகவே இந்த ஊறுகாயைத் தொழிலாக நினைப்பவர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். வீட்டில் குளிரில் வைத்து உண்ணும் ஊறுகாய் வேறு. கடைத் தட்டில் மாதக்கணக்கில் இருக்கும் ஊறுகாய் வேறு. மேலே சொன்ன வியட்நாம், ஜப்பான் முறைகள் இரண்டும் கடைத் தட்டுக்கு உரியவை அல்ல.

தட்டில் வைத்து விற்பதானால் பீ.எச் அளக்க வேண்டும், போத்தலைக் கொதிநீரில் கிருமி நீக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் செய்ய வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் உணவு விற்பனை கண்காணிக்கப்படுகிறது. தயாரிப்பவரின் பெயர், முகவரி, சேர்மானங்கள், நிறை, தயாரித்த திகதி, காலாவதித் திகதி என்பன சுட்டியில் இருக்க வேண்டும். தொடங்குமுன் உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்துக் கேளுங்கள். அவர் பின்னர் குற்றம் காண வருவதை விட முன்னர் ஆலோசனை சொல்ல வருவது நல்லது.

அதைவிட எளிய தொடக்கமும் உண்டு. சாப்பாட்டுப் பார்சல் செய்து விற்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். காலையில் செய்த ஊறுகாயை அன்றைய பார்சலில் ஒரு கரண்டி வைத்தால், மலிந்த காலத்துக் கரட்டும் முள்ளங்கியும் ஒரு கறிக்கு ஈடாகும். சந்தையில் மதியத்துக்குப் பின் பாதி விலைக்கு விழும் மரக்கறியை வாங்குவதற்கு ஒருவர் கூடுவார். விவசாயிக்கு அது சிறு உதவி. வாங்கும் குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கான தொட்டுக்கறி. அரசு குளிர்களஞ்சியம் கட்டும்வரை, கொள்முதல் விலை அறிவிக்கும்வரை மரக்கறி காத்திருக்காது. அடுத்த முறை கோவாவும் கரட்டும் மலியும்போது ஒரு கிலோ கூடுதலாக வாங்குங்கள். போத்தலைக் கழுவிக் காயவையுங்கள். வினாகிரியின் வீதத்தைப் பார்க்க மறவாதீர்கள்.